சமணக் குன்றை எப்படிப் பார்ப்பது: மதுரைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள சமணக் குன்றுகளுக்குப் போகிறவர்களில் பெரும்பாலானோர் நேராகச் சிற்பத்துக்கு முன்னால் போய் நிற்கிறார்கள், "இதோ மகாவீரர்" என்று சொல்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் வெயிலில் ஏறிப் போனதற்கு இது போதாது. அந்தப் பாறையில் குறைந்தது இரண்டு காலங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: குகைத்தளத்தில் வெட்டிய படுக்கைகள் கி.மு. காலத்தைச் சேர்ந்தவை, மேலே செதுக்கிய தீர்த்தங்கரர்கள் (சமணர் வணங்கும் இருபத்துநான்கு ஞானிகள்) பெரும்பாலும் கி.பி. 8, 9, 10ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவர்கள், இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு. இவற்றுக்கு மேல் இன்றைய ஊர்க்காரர்களின் வழிபாடும் சேர்ந்துகொள்கிறது. இந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்டால் எந்தக் குன்றுக்குப் போனாலும் நீங்களே படித்துக்கொள்ளலாம், கூட ஒரு வழிகாட்டி வேண்டியதில்லை.

முதலில் நேரம். காலையில் வெயில் ஏறுவதற்கு முன்போ மாலையில் சாயும்போதோ போங்கள். களைப்புக்காக மட்டும் சொல்லவில்லை, கல்லில் ஆழமில்லாமல் வெட்டிய எழுத்து உச்சி வெயிலில் கண்ணுக்கே தெரியாது, வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால்தான் கீறலின் ஓரத்தில் நிழல் தட்டி எழுத்து எழுந்து வரும். குகைக்குள் என்றால் ஒரு டார்ச் போதும். அதை எழுத்துக்கு நேராகப் பிடிக்காமல் பாறையை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள், கூட வந்தவரை மெல்ல மெல்ல நகர்த்தச் சொல்லுங்கள். அப்புறம் தண்ணீர், பிடிமானமுள்ள செருப்பு, ஒரு நோட்டு, பென்சில். சாக்பீஸ் வேண்டாம். எழுத்து நன்றாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்பு தேய்ப்பது, எண்ணெய் தடவுவது, தண்ணீர் ஊற்றிக் கழுவுவது எல்லாமே கல்லைக் கெடுக்கிற வேலை. மைப்படி எடுப்பது, அதாவது எழுத்தின் மேல் தாளை ஒட்டி மை தடவி நகல் எடுப்பது, தொல்லியல் துறையினர் அனுமதியோடு செய்கிற பணி, நமக்கு கேமராவே போதும்.

குன்றில் ஏறியதும் சிற்பத்தைத் தேடாதீர்கள். குகையின் நெற்றியை அண்ணாந்து பாருங்கள். பாறையின் வெளி விளிம்பை ஒட்டி, வில் போல வளைந்தோ நேராகவோ, ஒரு நீளமான வெட்டு ஓடும். அதுதான் காடி. மேலே பெய்கிற மழை பாறைமேல் வழிந்து குகைக்குள் இறங்காமல் அந்த வெட்டில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும். எளிய வேலைதான், ஆனால் ஓர் இயற்கைக் குகை வீடாக மாறியதற்கு அதுதான் முதல் சாட்சி. காடி இருந்தால் யாரோ ஒருவர் செலவு செய்து, கல்தச்சரை வைத்து, மழைக்காலம் முழுக்கத் துறவிகள் இங்கே தங்கட்டும் என்று இந்த இடத்தைத் தயார் செய்திருக்கிறார் என்று அர்த்தம். சமணத் துறவிகள் ஊர் ஊராக நடந்துகொண்டே இருக்க வேண்டியவர்கள், மழைக்காலத்தில் மட்டும் ஒரே இடத்தில் தங்குவார்கள். காடியைப் பார்க்கும்போது இது நினைவில் இருந்தால் மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும்.

அடுத்து தரை. வழவழப்பாகத் தேய்த்த கற்படுக்கைகள் வரிசையாக இருக்கும், தலைப்பக்கம் கொஞ்சம் உயர்த்தித் தலையணை போல விட்டிருப்பார்கள். ஊரில் கேட்டால் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். தமிழ்நாட்டில் எத்தனையோ குன்றுகளுக்கு இதே பெயர்தான், யாரும் பஞ்சபாண்டவர் மலை என்று சொன்னால் அங்கே படுக்கை இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது நல்ல பழக்கம். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் மலையின் மேல் ஏழடிப்பட்டம் என்ற குகையில் 17 படுக்கைகள் இருக்கின்றன. அங்கே நின்று பார்த்தால் எவ்வளவு ஒடுக்கமான இடம், எவ்வளவு செங்குத்தான சரிவு என்று தெரியும். படுத்துப் பார்க்க ஆசை வரும், வேண்டாம், பல படுக்கைகளின் மேலேயே எழுத்து இருக்கிறது.

இப்போது எழுத்தைத் தேடுங்கள். படுக்கையின் ஓரத்திலோ, காடிக்குக் கீழேயோ, தலைக்கு மேலே பாறையின் முகத்திலோ இருக்கும். இந்தப் பழைய எழுத்துக்குத் தமிழ் பிராமி என்று பெயர், நேர்கோடுகளால் ஆனது, நாலைந்து வடிவம் தெரிந்தாலே ஒரு பிடி கிடைத்துவிடும். கூட்டல் குறி இருந்தால் அது க. ஒரே ஒரு நிமிர்ந்த கோடு என்றால் ர. தலைகீழாகக் கவிழ்த்த ஆங்கில டி போல இருந்தால் ந. கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தால் ப, ம, ய எல்லாம் பழகிவிடும். ழ, ள, ற, ன ஆகிய எழுத்துகள் தமிழுக்கென்றே சேர்த்தவை. இவற்றைக் கண்டால் மொழி தமிழ் என்று தெரிந்துவிடும்.

அங்கே ஒரு சிக்கல் உண்டு. அந்தக் காலத்துக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இல்லை, இரட்டிக்க வேண்டிய மெய்யை ஒரு முறைதான் எழுதுகிறார்கள், சில இடங்களில் உயிரெழுத்தைத் தனியே சேர்த்துவிடுகிறார்கள். அதனால் பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) என்ற சொல் கல்லில் "பளிஇ" என்று நிற்கும். முதலில் ஒன்றும் புரியாது, வாய்விட்டுச் சொன்னால் புரிந்துவிடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்களே இதில் திணறினார்கள், பிராமி எழுத்து என்றால் மொழி பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று நினைத்தார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர்தான் இது தமிழ் என்று காட்டினார், பிறகு ஐராவதம் மகாதேவன் பல்லாண்டு உழைத்து எழுத்துமுறையைத் தெளிவாக்கி வாசகங்களை நிலைநிறுத்தினார். இன்று நீங்கள் தகவல் பலகையில் படிக்கிற வாசகத்துக்குப் பின்னால் அந்த உழைப்பு இருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளில் எதை எதிர்பார்க்கலாம்? கொடுத்தவர் யார், எந்த ஊர், என்ன கொடுத்தார், சில சமயம் யாருக்குக் கொடுத்தார். அவ்வளவுதான், ஒரு வரி. ஆனால் அந்த ஒரு வரியில் ஓர் உலகம் தெரியும். மாங்குளத்துக் கல்வெட்டுகளை ராபர்ட் சுவெல் 1882இலேயே பார்த்துவிட்டார். அவற்றில் கணி நந்தி என்ற துறவிக்காக பாண்டியன் நெடுஞ்செழியனைச் சேர்ந்த ஒருவர் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தி இருக்கிறது, வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடையில் பங்கு பெறுகிறது. காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டு என்பது மகாதேவன் கணிப்பு, இன்னும் முன்னால் வைப்பவர்களும் உண்டு. அரசனின் ஆளும் வியாபாரிகளும் ஒரே குன்றில் கொடை கொடுத்திருக்கிறார்கள். கீழவளவில் தொண்டியைச் சேர்ந்த ஒருவர் பள்ளி கொடுத்ததாக வருகிறது. தொண்டி கடற்கரை ஊர், கீழவளவு உள்நாடு. நோட்டில் ஊர்ப்பெயர்களை மட்டும் தனியாக எழுதிவைத்து, வீட்டுக்கு வந்து வரைபடத்தில் குறித்துப் பாருங்கள், அந்தக் காலத்துப் பெருவழிகள் மெல்லத் தெரிய ஆரம்பிக்கும். சமணப் பள்ளிகள் ஏன் இந்தக் குன்றுகளில் அமைந்தன என்பதற்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல விளக்கம் இல்லை: ஊருக்கு வெளியே, ஆனால் வணிகர்கள் போகிற பாதைக்குப் பக்கத்தில்.

சரி, இப்போது சிற்பத்துக்கு வரலாம். இங்கே ஆயிரம் ஆண்டு தாண்டி வந்துவிட்டோம் என்பதை மறக்காதீர்கள். எழுத்தும் மாறிவிட்டது, வட்டெழுத்து. பேரே சொல்வது போல வளைவு வளைவாக ஓடும், பெரும்பாலும் சிற்பத்துக்கு அடியில் இருக்கும், தொடக்கத்தில் "ஸ்ரீ" என்று கிரந்தத்தில் ஒரு மங்கல எழுத்து நிற்கும்.

எந்தச் சிற்பமானாலும் முதலில் தலைக்கு மேல் பாருங்கள். குடை எத்தனை? மூன்று அடுக்குக் குடை, அதாவது முக்குடை இருந்தால் தீர்த்தங்கரர். சித்தன்னவாசலில் பாறையைக் குடைந்த அறிவர் கோயிலின் அர்த்தமண்டபத்தில் (கருவறைக்கு முன்னுள்ள மண்டபம்) இதை நேரில் சோதித்துப் பார்க்கலாம்: ஒரு பக்கச் சுவரில் பாம்புப் படத்தின் கீழே பார்சுவநாதர் என்ற தீர்த்தங்கரர், எதிர்ச் சுவரில் அதே போல அமர்ந்த இன்னோர் உருவம். ஆனால் இவருக்கு ஒற்றைக் குடைதான், இவர் ஆசாரியர், அதாவது சமணத் துறவிகளின் ஆசிரியர். கருவறையில் உள்ள மூன்று உருவங்களிலும் இருவருக்கு முக்குடை, ஒருவருக்கு ஒற்றைக் குடை. அமர்ந்த நிலை, கைகள், முகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று, குடைதான் தரம் சொல்கிறது.

குடைக்கு அடுத்து பாம்பு. தலைக்குப் பின்னால் படமெடுத்த நாகம் இருந்தால் தமிழ்நாட்டில் பெரும்பாலும் பார்சுவநாதர்தான். அவரோடு ஒரு கதையும் செதுக்கியிருப்பார்கள்: மேலே ஒருவன் பெரிய பாறையைத் தூக்கி எறிய வருவான், அவன் கமடன், பழைய பிறவிப் பகையாளி. நாகராஜன் தரணேந்திரன் படம் விரித்துக் காப்பான், அவன் மனைவி பத்மாவதி குடை பிடிப்பாள், கீழே அதே கமடன் தோற்றுப் பணிந்து கும்பிட்டுக்கொண்டிருப்பான். ஒரே சிற்பத்தில் ஒரே ஆள் மேலே கோபமாகவும் கீழே பணிவாகவும் இருப்பதைக் கண்டுபிடிப்பது தனி சந்தோஷம், பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களையே தேடச் சொல்லுங்கள்.

நின்ற உருவம், கால்களிலும் கைகளிலும் கொடி சுற்றியிருக்கிறது, குடை இல்லை, இரு பக்கமும் இரண்டு பெண்கள் என்றால் பாகுபலி. முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதரின் மகன். அசையாமல் நின்று தவம் செய்ததால் உடம்பில் கொடி படர்ந்துவிட்டது, அந்தப் பெண்கள் அவருடைய சகோதரிகள் பிராமியும் சுந்தரியும். சிரவணபெளகுளத்தில் பிரமாண்டமாக நிற்கிற அதே பாகுபலியைக் கீழக்குயில்குடி சமணமலையின் பேச்சிப்பள்ளத்தில் கைக்கெட்டும் உயரத்தில் சிறியதாகப் பார்க்கலாம்.

இவை எதுவும் இல்லாமல் வெறும் முக்குடையும் சாமரம் வீசுபவர்களும் மட்டும் இருந்தால்? அப்போது தீர்த்தங்கரர் என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். இருபத்துநால்வருக்கும் தனித்தனி சின்னம் உண்டு என்றாலும் நம் பக்கத்துப் பழைய பாறைச் சிற்பங்களில் அவற்றைப் பெரும்பாலும் செதுக்கவில்லை. ஆசனத்தில் சிங்கம் இருக்கிறதே, சிங்கம் மகாவீரர் சின்னம்தானே என்பார்கள். சிங்காசனத்துக்குச் சிங்கம் எல்லாருக்கும் பொது. பெயர் தெரியாத தீர்த்தங்கரரை எல்லாம் மகாவீரர் ஆக்குவது பலகைகளில்கூட நடக்கிறது, நாம் செய்ய வேண்டாம். புத்தரோடு குழப்பிக்கொள்வதும் உண்டு. புத்தருக்கு உடம்பில் ஆடை உண்டு, தோளில் மடிப்பு தெரியும், தமிழ்நாட்டுப் புத்தர்களுக்குத் தலை உச்சியில் தீச்சுடர் போன்ற முடி இருக்கும். நம் குன்றுகளில் உள்ள தீர்த்தங்கரர்களுக்கு ஆடையும் இல்லை, அணியும் இல்லை.

இயக்கியருக்குத்தான், அதாவது தீர்த்தங்கரர்களுக்குத் துணையான பெண் தெய்வங்களுக்குத்தான், அணிகலன் எல்லாம். அவர்களில் நான் அதிக நேரம் நிற்கச் சொல்வது அம்பிகைக்கு முன்னால், அதுவும் தூத்துக்குடி மாவட்டத்துக் கழுகுமலையில். சிங்கம் பக்கத்தில் நிற்கிறது, குழந்தைகள் இருக்கிறார்கள், ஒரு பக்கம் ஓர் ஆண் கையைத் தூக்கித் திகைத்து நிற்கிறான். கதை தெரிந்தால்தான் அந்தத் திகைப்பு புரியும். திதிக்குச் சமைத்த உணவை வாசலில் வந்த சமண முனிவருக்குக் கொடுத்துவிட்டாள் என்று கணவன் அவளை இரண்டு குழந்தைகளோடு வீட்டை விட்டுத் துரத்துகிறான், போகிற வழியில் பட்ட மாமரம் காய்த்துக் குழந்தைகளின் பசி தீர்க்கிறது, வறண்ட குளத்தில் நீர் வருகிறது. மனம் மாறிய கணவன் அழைத்துப்போக ஓடி வருகிறான், அடிக்கத்தான் வருகிறான் என்று பயந்து அவள் உயிரை விடுகிறாள், இயக்கியாகிறாள். பிறகு அவனும் இறந்து அவளுடைய வாகனமான சிங்கம் ஆகிறான். இப்போது அந்தச் சிங்கத்தை மறுபடி பாருங்கள்.

கழுகுமலையில் சிற்பங்களின் கீழே நூற்றுக்கும் மேற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஆசாரியர்கள் மட்டும் இல்லை, குரத்தியர் வருகிறார்கள், அதாவது பெண் ஆசிரியர்கள். திருச்சாரணத்துக் குரத்தி, மிழலூர்க் குரத்தி என்று ஊர்ப்பெயரோடு வருகிறார்கள், அவர்களுக்கு மாணாக்கரும் இருக்கிறார்கள். 9ஆம் நூற்றாண்டுத் தமிழகத்தில் பெண்கள் ஆசிரியராக இருந்ததற்குக் கல்லிலேயே சான்று இருக்கும்போது, அங்கே போகிறவர்கள் பக்கத்தில் பாறையைச் செதுக்கி எடுத்த வெட்டுவான் கோயிலை மட்டும் பார்த்துவிட்டு இறங்குவது எனக்குப் பெரிய வருத்தம். வெட்டுவான் கோயில் அற்புதம்தான். ஆனால் இன்னும் பத்து நிமிடம் நடங்கள்.

வட்டெழுத்தில் தேட வேண்டிய பெயர் ஒன்று உண்டு: அச்சணந்தி என்ற சமணத் துறவி. "ஸ்ரீ அச்சணந்தி செயல்" என்று முடியும் வாசகம் கொங்கர்புளியங்குளத்தில் இருக்கிறது. ஆனைமலை, கருங்காலக்குடி, உத்தமபாளையம், வட ஆர்க்காட்டுப் பக்கம் வள்ளிமலை என்று இந்த மனிதரின் பெயர் தமிழ்நாடு முழுக்க விரவிக் கிடக்கிறது. அரிட்டாபட்டியில் பொற்கோட்டுக் கரணத்தார் பேரால் அவர் செய்வித்த திருமேனி, அதாவது சிற்பம், இருக்கிறது. பேச்சிப்பள்ளத்தில் ஒரு சிற்பத்தின் கீழே அவருடைய தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று எழுதியிருக்கிறது. மகன் ஊர் ஊராகப் போய்த் திருமேனி செய்விக்கிறார், தாயின் பெயரில் இந்தக் குன்றில் ஒரு திருமேனி. பலகையைப் படிக்காமல் நேராக அந்த வரியைக் கல்லில் தேடிக் கண்டுபிடியுங்கள், கொஞ்சம் நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

சமணமலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு. வெளியே பெரிய தீர்த்தங்கரர் அமர்ந்திருக்கிறார், அவரை ஊரார் செட்டியார் என்கிறார்கள். அடியிலுள்ள கல்வெட்டில் குறண்டித் திருக்காட்டாம்பள்ளி வருகிறது. அருப்புக்கோட்டைப் பக்கத்துக் குறண்டியில் அந்தப் பள்ளி இன்று நிற்கவில்லை, அதன் மாணாக்கர் பெயர்கள் மட்டும் பல குன்றுகளில் நிற்கின்றன. குகைக்குள் நுழைந்து கூரையின் வளைவைப் பாருங்கள், ஐந்து சிற்பங்கள் இருக்கும்: நடுவில் மூன்று தீர்த்தங்கரர், ஒரு ஓரத்தில் அமர்ந்த இயக்கி, மறு ஓரத்தில் சிங்கத்தின் மேல் ஏறி வில் வளைத்து, யானைமேல் வருகிற வீரனோடு போரிடும் பெண். அகிம்சை சொல்லும் சமயத்தின் குகையில் இப்படி ஒரு போர்க்காட்சி! அவள் பெயர் என்ன என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. நீங்களும் உடனே பெயர் வைத்துவிடாமல், எத்தனை கை, எந்தக் கையில் என்ன, வாகனம் எது என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். விவரம் சரியாக இருந்தால் பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஓவியத்துக்குத் தனிப் பொறுமை வேண்டும். சித்தன்னவாசல் அறிவர் கோயிலுக்குள் போனதும் சில நிமிடம் எதையும் பார்க்காமல் நில்லுங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். ஃபிளாஷ் கூடவே கூடாது. பிறகு அர்த்தமண்டபத்துக் கூரையைப் பாருங்கள்: ஒரு தாமரைக் குளம், மீன்கள், அன்னங்கள், யானை, எருமை, தாமரை பறிக்கிற மூன்று ஆண்கள், அதில் ஒருவர் கையில் பூக்கூடை. தீர்த்தங்கரர் உபதேசம் செய்யும் சமவசரணத்துக்குப் போகிற வழியிலுள்ள குளம் இது என்று சமண மரபைக் கொண்டு விளக்குகிறார்கள். தாமரை இலைகள் சில மடங்கி அடிப்பக்கம் தெரிவதையும், மொட்டு, பாதி விரிந்தது, முழுதாக மலர்ந்தது என்று ஒவ்வொரு பூவும் வேறு வேறாக இருப்பதையும் பாருங்கள். தூண்களில் ஆடல் மகளிர் இருக்கிறார்கள், மிகவும் மங்கிவிட்டார்கள்.

இந்தக் கோயில் நெடுங்காலம் மகேந்திரவர்ம பல்லவன் கணக்கில் எழுதப்பட்டது. முகப்பின் பக்கத்திலுள்ள கல்வெட்டு, பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் அர்த்தமண்டபத்தைப் புதுப்பித்து முகமண்டபம் எடுப்பித்ததைச் சொல்கிறது. கோயில் எப்போது தோண்டியது, ஓவியம் எப்போது தீட்டியது என்ற இரண்டையும் தனித்தனிக் கேள்வியாக வைத்துக்கொண்டால் பழைய கட்டுரைகளின் விவாதம் எளிதாகப் புரியும்.

கடைசி அடுக்கு, இன்றைய ஊர். சமணமலை அடிவாரத்தில் ஐயனார் கோயிலும் தாமரைக் குளமும் இருக்கின்றன. பல ஊர்களில் தீர்த்தங்கரர் சாமியாகக் கும்பிடப்படுகிறார், விளக்கு ஏற்றுகிறார்கள், பொங்கல் வைக்கிறார்கள். குமரி மாவட்டத்துச் சிதறாலில் சமணப் பள்ளி பகவதி கோயிலாகவே மாறி நிற்கிறது. இதைத் தவறு என்று ஊரில் போய் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றுங்கள், சாமி பெயர் என்ன, எப்போது விசேஷம், யார் பூசை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், அதுவும் ஆவணம்தான். அந்தச் சிற்பங்கள் இத்தனை காலம் தப்பியதில் அந்த வழிபாட்டுக்கும் பங்கு உண்டு. கெடுதல் வேறு இடத்திலிருந்து வருகிறது: சிற்பத்தின் மார்பிலேயே பெயர் கீறிவிட்டுப் போகிறவர்கள், அதைவிட முக்கியமாகக் கல்குவாரி. கீழவளவைச் சுற்றிக் கிரானைட்டுக்காக மலைகளை அறுத்த அகலத்தை நேரில் பார்த்தால் நெஞ்சு பதறும். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. அதற்குப் பிறகும் அந்தப் பகுதியை உள்ளடக்கி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் நடந்தது, ஊர்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அதை ரத்து செய்தது.

அரிட்டாபட்டியில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எல்லாரும் பார்த்து முடித்த குன்று என்று நினைத்திருந்த இடத்தில், 2003இல் இரண்டாவதாக ஒரு தமிழ் பிராமிக் கல்வெட்டு தெரியவந்தது. இலஞ்சி வேளின் மகன் எமயவன் நல்ல குகை கொடுத்தான் என்கிறது அது. ஆகவே நீங்கள் போகிற குன்றில் பலகையில் குறிப்பிடாத கீறல் எதுவும் கண்ணில் பட்டால் தொடாமல், தேய்க்காமல், பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, முழுப் பாறையும் தெரிகிற ஒரு படமும் நெருக்கமான சில படங்களும் வேறு வேறு நேரத்து வெளிச்சத்தில் எடுத்து, மாநிலத் தொல்லியல் துறைக்கு இடக்குறிப்போடு அனுப்புங்கள். துறை பார்த்து முடிக்கும் வரை அந்த இடத்தை இணையத்தில் போடாதீர்கள்.